ஒரே நாளில் தெளிந்த குளம்

நம் பள்ளிக்கூடக் குழுவில் போன வாரம் ஒருத்தர் ஒரு படம் போட்டிருந்தார். ஜீப்பின் தலையில் கயிறு சுற்றிக் கட்டிய கல்ஃப் பெட்டி. கீழே நீங்கள் எல்லாரும் கண்ணீர் விடும் முகம் போட்டிருந்தீர்கள். என்ன காலம் அது, திரும்பி வருமா என்று எழுதியிருந்தீர்கள். வரவே வேண்டாம் என்று பதில் எழுதப் போனேன். ஒரு வரியில் சொன்னால் சண்டைக்காரி என்பீர்கள். அதனால் முழுவதையும் எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. ஜூன் மாதம், இடவப்பாதி மழை தொடங்கிய நேரம். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். வந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் முடிந்த மாதமே கல்ஃபுக்குப் போனவர், முதல் லீவில் வந்தார். மூன்று மாதம் லீவு. சித்திக்கு அவரைத் தெரிந்ததைவிட அலமாரியில் இருந்த அவருடைய போட்டோவைத்தான் அதிகம் தெரியும். அவர் வந்து இறங்கியபோது சித்தி கதவுக்குப் பின்னால் நின்று, போட்டோவும் ஆளும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பதுபோல் பார்த்தாள்.

பெட்டியைத் திறக்கும்போது அக்கம்பக்கம் முழுக்க எங்கள் வீட்டில்தான் நின்றது. எல்லாரும் டேப் ரிக்கார்டருக்குக் காத்திருந்தார்கள். சோப்பு வந்தது, கம்பளி வந்தது, டார்ச் வந்தது. பிறகு கறுப்பாக, சுருட்டிக் கட்டிய ஒரு பெரிய ரப்பர் விரிப்பு வந்தது. அதன் உள்ளே ஒரு சின்ன மோட்டார்.

அப்பா அதைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

“இது என்னலே?”

“மோட்டர் அண்ணே. வெள்ளத்துக்குள்ள கிடந்தே ஓடும்.”

வெளியூரில் போய் மறந்தவர்களுக்கு: நமக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம்தான்.

“டேப் எங்க?”

“அதுக்குப் பெட்டியில எடம் இல்லே.”

“இந்தக் கறுப்பு?”

“ரப்பர் ஷீட்டு.”

அப்பா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் பிடிக்காது. “கேட்டியளா? நாட்டுல உள்ளவன் எல்லாம் ரப்பரை இஞ்சயிருந்து கொண்டுபோறான். எனக்க தம்பி பாறசாலைக்கு ரப்பர் கொண்டு வந்துருக்கான்!”

எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அவருக்கு அதுதான் வியாதி. தன்னைப் பார்த்து யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார்.

*

அங்கே அவருக்கு வேலை, ஒரு பெரிய அரபி வீட்டுத் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தில் ஒரு குளம் இருந்ததாம். மீன் இருந்தது, சின்னதாக ஒரு நீர்வீழ்ச்சி இருந்தது, மருந்து எதுவும் போடாமல் தண்ணீர் தெளிவாகவே கிடந்தது. பக்கத்தில் கூழாங்கல் நிரப்பிய ஒரு குழியில் செடிகள் நட்டிருந்தார்கள். குளத்துத் தண்ணீரை மோட்டார் அந்தக் குழியின் அடியில் கொண்டுவிடும். அது கல்லுக்கிடையில் மெல்ல ஏறி, செடியின் வேரையெல்லாம் தொட்டு, மேலே வந்து, பாறை வழியாகத் திரும்பவும் குளத்தில் விழும். அழுக்கைச் செடி தின்னும். சித்தப்பா அதற்குக் கல்லுப்பாத்தி என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் கோட்டுகால் பக்கம், கடலைப் பார்த்த சரிவில், ஒரு முதலாளி வெள்ளைக்காரர்கள் தங்குவதற்குக் குடில்கள் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குடிலுக்கும் முன்னால் ஒரு குளம் வேண்டும் என்றார். கட்டத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. சித்தப்பாவின் சினேகிதன் ஒருத்தன் அங்கே ஜீப் ஓட்டினான். சித்தப்பா வருவதற்கு முன்னாலேயே அவன் பேசி வைத்தான். முதலில் வீட்டில் ஒன்று கட்டிக் காட்டு, பார்த்துப் பிடித்திருந்தால் எல்லாக் குளமும் உனக்கு, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் உனக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதாவது, குளம் பிடித்துப்போனால் சித்தப்பா திரும்பிப் போக வேண்டாம். பிடிக்காவிட்டால் லீவு முடிந்ததும் விமானம் ஏற வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத சித்திதான் முதல் நாள் குழியில் இறங்கி அவர் கூட நின்றாள்.

“நீ ஏறிப் போ. கை பொத்துப்போவும்.”

“பொத்தா உங்களுக்கு என்ன? கை எனக்கதாக்கும்.”

“உனக்க கைதான் எனக்குச் சோறு வைக்கது.”

“அப்பம் இன்னைக்குச் சோறு இல்லே. வெட்டுங்க.”

என் அம்மை இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் அப்படிச் சத்தமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அம்மையும் அப்பாவும் சந்தையில் தெரியாத இரண்டு பேர் போலத்தான் பேசுவார்கள்.

செம்மண் மழையில் குழைந்து கிடந்தது. கால் வைத்தால் உறிஞ்சிப் பிடிக்கும். தோண்டின குழியில் பழைய சாக்கு விரித்து, அதன்மேல் அந்த ரப்பர் விரிப்பைப் போட்டார்கள். வெயில் பட்டால் அதிலிருந்து புதுச் செருப்பு வாசனை வரும். ஜல்லி ஒரு வண்டி, கல் உடைக்கும் பாறைமடையிலிருந்து வந்தது. அதைக் கழுவுவது என் வேலை. கழுவக் கழுவச் சாம்பல் நிறத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். பெரிய கல் அடியில், சின்னக் கல் மேலே. நடுவில் ஓட்டை போட்ட குழாய். செங்கல் ஊர்ப் பக்கத்து வயல் ஓரத்திலிருந்து சேம்பும் வயம்பும் கல்வாழையும் பிடுங்கிக்கொண்டு வந்தோம். வயம்பு என்றால் வசம்புதான்; அதன் வேரில் ஒரு மணம் உண்டு. அது நகத்தில் ஏறினால் சோற்றிலும் மணக்கும். வாய்க்காலில் துண்டு போட்டு மானத்துக்கண்ணி பிடித்துக் குளத்தில் விட்டோம். உச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்த அந்தச் சின்ன மீன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நீர்வீழ்ச்சி வைத்த நாள்தான் அந்த மழைக்காலத்திலேயே எனக்குப் பிடித்த நாள். வீழ்ச்சி என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் இடுப்பு உயரம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்த தட்டைப் பாறைகள். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் பாத்தியில் பொங்கி, பாறை விளிம்பில் வந்து நின்று, யோசித்து, விழுந்தது. சித்தப்பா அதைப் பார்க்கவில்லை. கேட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுக்களையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“எப்படி இருக்கு சத்தம்?”

உள்ளேயிருந்து சித்தி சொன்னாள்: “மாடு மோளுகது மாதிரி இருக்கு!”

அவர் கல்லைத் தள்ளினார். “இப்பம்?”

“இப்பம் ரெண்டு மாடு!”

அப்பா முன்பக்கத்திலிருந்து, “அங்க என்னலே கூத்து?” என்று கத்தினார். சித்தப்பா காதில் வாங்கவில்லை. கல்லை எடுத்தார், திருப்பினார், வைத்தார்.

“இப்பம் எப்படி?”

“கொள்ளாம். இன்னும் கொஞ்சம் பைய.”

“இப்பமா?”

“இன்னும் கொஞ்சம் பைய.”

அவர் விரலால் கல்லை நகர்த்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அரிசி களைவது போல ஒரு சத்தம் வந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு சித்தி சொன்னாள்: “போதும். இதாக்கும்.”

*

பிறகு தண்ணீர் பச்சையானது.

முதலில் லேசாக. ஒரு வாரத்தில் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர் போல ஆகிவிட்டது. மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சித்தப்பா அலட்டிக்கொள்ளவில்லை.

“அது அப்படித்தான் மக்கா. புதுக் கல்லு. கல்லுல வழுக்கல் பிடிக்கணும். அந்த வழுக்கலுக்கு உயிர் உண்டு. அதும் வேரும் சேர்ந்தாத்தான் வெள்ளம் தெளியும். அதுக்கு நேரம் குடுக்கணும்.”

நான் பாத்திக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வழுக்கும்.

ஆனால் ஊருக்கு நேரம் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “கல்ஃபுக்காரன் எருமைக்குக் குளம் வெட்டியிருக்கான்” என்றார்கள். “கொசு வளர்க்கதுக்கு மோட்டர் எதுக்கு ஓய்?” என்றார்கள். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்வார், தட்டைப் பார்த்துக்கொண்டு, தம்பிக்குக் கேட்கும்படி: “அங்க அரபிக்க வீட்டுல புல்லு வெட்டினவன் இஞ்ச வந்து இஞ்சினியர் ஆயிட்டான்.”

சித்தப்பா சிரித்துக்கொண்டே மோர் ஊற்றிக்கொள்வார். சித்தி சிரிக்க மாட்டாள்.

முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். தண்ணீர் அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தது. மேல் கல் தெரிந்தது, அடி தெரியவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை, இன்னும் இரண்டு வாரம் தள்ளி வரச் சொல்லிக் கேட்கிறேன் என்று சித்தப்பா கோட்டுகாலுக்குப் போனார். முதலாளி அவரைச் சாயங்காலம் வரை வெளியே உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

அன்று மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், நான் கொல்லையில் நின்றேன். சித்தி கிணற்றடியிலிருந்து தகர டப்பாவோடு வந்தாள்.

அந்த டப்பா உங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தது. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் பஞ்சாயத்து ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் கிணற்றில் கலக்கினால் காலையில் குடிக்கலாம். நம் அம்மைமார்களுக்கு அது மருந்து, தீர்த்தம், எல்லாம். எந்தத் தண்ணீருக்கும் அதுதான் வழி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கிணறு சித்தியின் பொறுப்பு.

அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பவுடரை அள்ளி, வாளித் தண்ணீரில் கலக்கி, சுண்ணாம்புபோல் வெளுத்த அதைக் குளத்தைச் சுற்றி நடந்து ஊற்றினாள். பாத்திமேலும் ஊற்றினாள். பிறகு இன்னொரு வாளி. கண் எரிந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நாளைக்குப் பாரு. கண்ணாடி மாதிரி ஆவும்.”

“சித்தப்பா நேரம் குடுக்கணும்னு சொன்னாரே?”

“அவருக்கு நேரம் எங்க இருக்கு பிள்ளே?” பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்தாள். “அவருகிட்ட சொல்லப்படாது, கேட்டியா? அவருக்க பாத்திதான் தெளிய வெச்சுதுன்னு அவரு நினைக்கட்டும். மத்தவியளும் அப்படியே நினைக்கட்டும். எனக்குப் பேரு வேண்டாம். அவரு இங்க நின்னாப் போதும்.”

நான் தலையாட்டினேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் காற்றும் மழையும். கொஞ்ச நேரம் கரண்ட் போனது. சித்தப்பா நனைந்து வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

*

காலையில் நான் எழுந்து ஓடினேன். குளம் கண்ணாடியாகத்தான் இருந்தது. அடியில் கிடந்த கறுப்பு விரிப்பின் மடிப்புகூடத் தெரிந்தது. சித்தப்பா கரையில் குத்தவைத்து இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு வாழையிலையில் மீன்கள். வெள்ளிப் பொட்டு எல்லாம் மங்கிப்போயிருந்தது. ஒரு தவளையும் கிடந்தது, வயிறு மேலே.

அவர் பாத்தியிலிருந்து ஒரு கல்லை எடுத்து விரலால் தேய்த்தார். கல் கறகறவென்று இருந்தது. கழுவின பாத்திரம் போல. மூக்கில் வைத்து முகர்ந்தார். துணி துவைக்கிற கல்லின் மேல் அந்தச் சிரட்டை வெள்ளை பிடித்துக் கிடந்தது. அதைப் பார்த்தார். பிறகு அடுக்களையைப் பார்த்தார். உள்ளே சித்தி ஏதோ முனகிப் பாடிக்கொண்டு தேங்காய் துருவினாள்.

அவர் சிரட்டையைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி விறகோடு போட்டார். மீனை வாழை மூட்டில் புதைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சித்திக்கிட்ட சொல்லப்படாது மக்கா. மீன் கரண்ட் போனதுல செத்துதுன்னு சொல்லுவோம். மோட்டர் நின்னு, காத்து கிடைக்காம. செரியா?”

நான் தலையாட்டினேன். ஒரு நாளைக்குள் இரண்டு பேருக்கு இரண்டு தலையாட்டல். பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் பெரியவர்கள் இப்படித்தான் மூட்டையை ஏற்றுவார்கள். பிறகு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதலாளி வந்தார். அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு முன்பக்கம் ஜீப் டிரைவரிடம் பெருமை பேசினார். சித்தி உள்ளே சாயா போட்டாள். நான் முதலாளிக்குக் குடை பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அவர் குளத்தைப் பார்த்து முதலில் தலையை ஆட்டினார். நீர்வீழ்ச்சியின் சத்தத்தைக் கேட்டு, “நல்லதாணு” என்றார். பிறகு நின்றார். மூக்கைச் சுளித்தார்.

“இது என்ன, பிளீச்சிங் பவுடரா?”

சித்தப்பா வாயைத் திறந்தார். அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். வீட்டில் தெரியாமல் போட்டுவிட்டார்கள் சார், இரண்டு வாரம் பொறுங்கள் என்று. அவ்வளவுதான். அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது; உள்ளே சித்தி டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

“ஆமா சார். தெளியல்லேன்னு நான்தான் போட்டேன்” என்றார், மெதுவாக.

முதலாளி சிரித்தார். “அதுக்கு எனக்க வாச்மேன் போதுமேடா. உன்னை எதுக்கு?”

சாயா வருவதற்குள் அவர் போய்விட்டார். சித்தி டம்ளரோடு வெளியே வந்து குளத்தைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள்.

“என்ன சொன்னாரு? வெள்ளம் தெளிஞ்சுல்லா இருக்கு?”

“தெளிஞ்சுதான் இருக்கு. அவருக்குப் பிடிக்கல்லே.”

“என்னத்துக்குப் பிடிக்கல்லே?”

“பெரிய ஆளுவளுக்கு என்னத்துக்குப் பிடிக்கும், பிடிக்காதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லி டம்ளரை வாங்கி அவரே குடித்தார். “சாயா நல்லா இருக்கு” என்றார்.

ஒரு வாரத்தில் சேம்பு இலை ஓரம் கருகியது. கல்வாழை சாய்ந்தது. மழை கூடிப்போச்சு என்று சித்தியிடம் சொன்னார். அவள் நம்பினாள். விஷயம் தெரிந்தவர் அவர்தானே.

அவர் அப்பாவிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். “அண்ணே, கொஞ்ச நாள் கூட நின்னா பாத்தி திரும்பவும் பிடிக்கும். வேற ஹோட்டல்காரன் ஆரையாவது கூட்டிட்டு வரலாம்.”

அப்பா சொன்னார்: “உனக்க விசா போனா, ரெண்டு பேருக்கும் சோறு ஆருலே போடுது? விளையாடினது போதும். போ.”

அவர் போனார். போகிற அன்று அவர் பெட்டியைக் கட்டும்போது, “நிக்கணும்னு இருந்தா நின்னிருப்பாரு” என்று சித்தி என் அம்மையிடம் சொன்னாள். அவர் காதில் விழும்படிதான் சொன்னாள். கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு முடிச்சுப் போட்டது.

*

அவர் திரும்பி வரவில்லை. அடுத்த லீவுக்கு முன்னால் ஆட்களை ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்தது என்று தகவல் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களுக்குப் பெட்டிகூட வரவில்லை. நீங்கள் படத்தில் பார்த்து அழுத அந்தப் பெட்டி.

அப்பா குளத்தை மண் போட்டு மூடி ஏத்தன் வாழை வைத்தார். ரப்பர் விரிப்பு ஆட்டுக்கூட்டின் மேல் கிடந்து கிழிந்தது. மோட்டாரை யாரோ கிணறு இறைக்க வாங்கிப் போனார்கள். நீர்வீழ்ச்சிக் கல் ஒன்றை அம்மை அம்மிக்குப் பக்கத்தில் உட்காரப் போட்டுக்கொண்டாள். சித்தி அந்த வீட்டிலேயே இருந்தாள். சமைத்தாள், மாடு பார்த்தாள், அப்பாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்தாள். சம்பளம் இல்லாத வேலைக்காரி. அப்பா இறந்தபின் நான் அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இத்தனை வருஷமும் அவள் ஒரே பேச்சுதான் பேசினாள். கல்யாண வீட்டில் பேசினாள், சாவு வீட்டில் பேசினாள், மீன் கழுவும்போது பேசினாள். “அவருக்கு இங்க நிக்க மனசில்லே. குளம் ஒரு சாக்காக்கும். நல்லாத் தெளிஞ்ச வெள்ளத்தைக் காட்டி ஒரு வேலை வாங்கத் தெரியாதா? என்னைப் பிடிக்கல்லே. அதான் போனாரு.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் குளத்தைக் கொன்றது அவள் கை. சொல்லாவிட்டால் அவளைப் பிடிக்காமல் போன புருஷன். எதைக் கொடுக்க? எனக்குச் சித்தப்பாமேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. அவளை ஒரு நாள் அழவிடாமல் காப்பாற்றினார். அதற்கு விலையாக அவள் ஒரு ஆயுசு முழுக்க அழுதாள். அப்படி ஒரு நல்லவரை எனக்குத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

*

இந்த வருஷம் என் மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். பொழுது போகாமல் கொல்லையில் ஒரு குளம் தோண்டினான். போனில் பார்த்துப் பார்த்துச் செய்தான். நான் தடுக்கவில்லை. அவன் பாக் ஃபில்டர் என்று எதையோ சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. ஜல்லி வந்து இறங்கினபோதுதான் விளங்கியது. அதே கல்லுப்பாத்தி. அதே வயம்பு. தண்ணீர் விழுவதற்கு அதேபோல் சாய்த்து வைத்த பாறை.

சித்தி பிளாஸ்டிக் நாற்காலியைக் குளத்தருகே போட்டு உட்கார்ந்துகொள்வாள். பலாக்கொட்டை தோல் உரித்துக்கொண்டு பார்ப்பாள். தண்ணீர் பச்சையானது. அவனும் அலட்டிக்கொள்ளவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் அவனைக் கூப்பிட்டாள்.

“மக்கா, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கலக்கி விடு. தெளிஞ்சுரும்.”

“அம்மச்சி சும்மா இருக்கணும். உங்களுக்கு இதொண்ணும் தெரியாது.”

“எனக்கா தெரியாது?” அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. “பண்டு உனக்க தாத்தன் கெட்டின குளத்துல நான்தான் போட்டேன். ஆருக்கும் தெரியாது. உனக்க அம்மைக்கு மட்டும் தெரியும். ஒரே நாளுல கண்ணாடி ஆக்கும்!”

நான் எழுந்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான், சிரித்துக்கொண்டே.

“ஐயோ, கொன்னுட்டியளே! மீனெல்லாம் செத்துருக்குமே. செடி கருகிருக்கும். கல்லுல உள்ள உயிரெல்லாம் தீர்ந்துருக்கும். பின்னே அது குளம் இல்லே அம்மச்சி, பிளீச்சிங் வெள்ளம்.”

அவன்மேல் தப்பில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்கக் குனிந்துவிட்டான்.

சித்தியின் கையில் பாதி உரித்த கொட்டை இருந்தது.

“மீன் கரண்ட் போனதுலல்லா செத்துது” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

பிறகு என்னைப் பார்த்தாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும் சித்தி. அன்னைக்குக் காலையிலயே தெரியும்.”

“ஒரு வார்த்தை ஏசல்லியே.”

“இல்லே.”

“வந்த முதலாளிகிட்ட என்ன சொன்னாரு?”

“நான்தான் போட்டேன்னு சொன்னாரு.”

“உனக்கிட்ட?”

“சித்திக்கிட்ட சொல்லப்படாதுன்னு சொன்னாரு.”

அவள் கொட்டையை மடியில் வைத்தாள். தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பக்கத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. உங்களுக்கே தெரியும்.

“அப்பம் அவருக்கு இங்க நிக்க மனசு இருந்துருக்கு” என்றாள்.

இன்னொரு தடவையும் சொன்னாள். அது எனக்குச் சொன்னதல்ல.

அழுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கேட்டாள்.

“எலே மக்கா. சத்தம் கூடுதலாக்கும். அந்த மேல்கல்லைக் கொஞ்சம் தள்ளு.”

அவன் தள்ளினான். “இப்பம் எப்படி அம்மச்சி?”

“இன்னும் கொஞ்சம் பைய.”

“இப்பமா?”

“இன்னும் கொஞ்சம் பைய.”

அவன் நல்ல பிள்ளை. தள்ளிக்கொண்டே இருந்தான். அவள் போதும் என்று சொல்லவே இல்லை.